சிகிச்சை முடிந்துவிட்டது என்கிறார்கள், இனி யாரிடம் போவது?

2023 பிப்ரவரி 12

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிவ்யூ. மயிலாடுதுறையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, டோக்கன் போட்டு, நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், டாக்டர் அறைக்குள் இருப்பது மூன்று நிமிடம். போன வாரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "எப்படி இருக்கீங்க? மாத்திரை சாப்பிடறீங்களா? மே மாசம் வாங்க." அவ்வளவுதான். முழு உடம்பையும் பார்க்கிற பெட் ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார். ரத்தப் பரிசோதனை? அதுவும் தேவையில்லை. ஏன் என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கீமோ, ஆபரேஷன், கரன்ட் வைப்பது (கதிர்வீச்சு) என்று பத்து மாதம் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது யாரும் பார்ப்பதில்லை. கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. முழு உடம்பையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிற இடமாகப் பார்த்து மாறிவிடலாம் என்று நினைக்கிறேன். அப்படி மாறியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

2023 பிப்ரவரி 13

விவரம் கேட்டவர்களுக்கு. வயது 56, அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. 2021 ஆகஸ்டில் வலது மார்பில் கட்டி. எட்டு கீமோ: நாலு சிவப்பு மருந்து, நாலு பாக்லிடாக்சல். பிறகு மார்பை முழுதாக எடுத்தார்கள். அக்குளிலிருந்து எடுத்த 14 நெறிக்கட்டிகளில் 3-ல் நோய் இருந்தது. 15 நாள் கரன்ட். 2022 ஜூனிலிருந்து தினம் ஒரு லெட்ரோசோல், ஈஸ்ட்ரஜன் ஹார்மோனைக் குறைக்கிற மாத்திரை. கட்டி ஹார்மோனால் வளர்கிறதா என்று காட்டும் ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் பாசிட்டிவ். ஹெர்-2 என்ற இடத்தில் 2+ என்று போட்டிருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் தெரியவில்லை.

2023 பிப்ரவரி 28

அவசரப்பட்டுவிட்டேன். இங்கே ஒரு லேபில் நானாகவே போய் சி.ஏ. 15-3 எடுத்தேன், மார்பகப் புற்றுநோய்க்குப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை. டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. 34 என்று வந்தது. 30-க்குள் இருக்க வேண்டுமாம். எண்ணைத் தடித்த எழுத்தில் அடித்திருக்கிறார்கள்.

மூன்று நாளாகத் தூக்கமில்லை. பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடக்கிறது. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

2023 மார்ச் 21

மறுபடி எடுத்தேன், வேறு லேபில். 26. இடையில் உடம்பில் எதுவும் மாறவில்லை. இந்த எண் லேபுக்கு லேப் கொஞ்சம் மாறுமாம், கல்லீரல் தொந்தரவு இருந்தாலும் ஏறுமாம். மூன்று வாரம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வாரமும் நான் லெட்ரோசோல் சாப்பிடவில்லை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் கையை வெந்நீரில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவேன். முட்டி இரண்டும் படியேறும்போது பிடித்துக்கொள்ளும். மாத்திரையால்தான் என்று தெரியும். ரிவ்யூவில் ஒரு முறை சொன்னேன், "அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். எண் 34 வந்ததும், மாத்திரையே வேலை செய்யவில்லை, எதற்காக இந்த வலி என்று நிறுத்திவிட்டேன். நேற்றிரவிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இதைப் படிக்கிற யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

2023 ஏப்ரல் 9

வேறு ஒரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது என்று முடிவு செய்துவிட்டோம். "ஃபைலோடு போகாதீர்கள், பிளாக்கோடு போங்கள்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அவருக்கு நன்றி. எனக்கு இது தெரியாது. ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்துச் சிறு கட்டிகளாகப் பத்திரப்படுத்துகிறார்கள். அதுதான் பிளாக். அதிலிருந்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டினால் ஸ்லைடு. இன்னொரு மருத்துவமனைக்குப் போகும்போது வெறும் ரிப்போர்ட்டைக் காட்டினால் பழைய டாக்டர் எழுதியதை மறுபடி வாசிப்பார்கள், பிளாக் இருந்தால் நோயையே மறுபடி பார்க்கலாம்.

கேட்கப் போனபோது ரெக்கார்டு பிரிவில் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். மகள் செல்போனில் ஒரு விதியை எடுத்துக் காட்டினாள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். அவள் சண்டை போடவில்லை. எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கினாள். மூன்றாம் நாள் எல்லாம் கிடைத்தது: டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, கரன்ட் எவ்வளவு வைத்தார்கள் என்ற கணக்கு, ஒவ்வொரு கீமோவின் அளவு. பிளாக்குக்கு மட்டும் தனியாக எழுதி வாங்கிக்கொண்டார்கள், பார்த்து முடித்ததும் திருப்பித் தர வேண்டும்.

சிவப்பு மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது என்ற கணக்கைத் தொலைக்காதீர்கள். அது இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. வாழ்நாள் முழுவதற்கும் ஒரு உச்ச அளவு உண்டு. பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் கேட்பார்கள்.

2023 ஏப்ரல் 30

போய் வந்தோம். ஒரு அறக்கட்டளை மருத்துவமனை. பெண் மருத்துவர், என் வயதுதான் இருக்கும். நாற்பது நிமிடம் உட்கார வைத்துப் பேசினார். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபைலை நீட்டினேன். வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "ரெண்டு கையையும் காட்டுங்கம்மா" என்றார். அளவு நாடாவை எடுத்து முழங்கைக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே இரண்டு கையையும் சுற்றி அளந்தார். வலது கை நாலு சென்டிமீட்டர் அதிகம். "எத்தனை மாசமா இப்படி இருக்கு?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜாக்கெட் கை இறுக்குகிறது என்று பொங்கலுக்கு முன்பே பிரித்துத் தைத்துக்கொண்டேன். எடை கூடிவிட்டது என்று நினைத்தேன். பிறகு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார். முடியவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். தெருவில் செருப்பு கழன்று விழுந்தால் தெரியாமல் நாலடி நடந்துவிடுகிறேன் என்று சொன்னேன். இதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை, அன்றைக்குத்தான் யாரோ கேட்டார்கள்.

அப்புறம்தான் ஸ்கேன் பேச்சு வந்தது. அவரும் பெட் வேண்டாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது, இவரும் அதையே சொல்கிறாரே என்று. ஆனால் இவர் காரணம் சொன்னார். இத்தாலியில் 2,500-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள் செய்திருக்கிறார்கள், முடிவுகள் 1994-லேயே வந்துவிட்டன. ஒரு பாதிப் பேருக்கு எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே என்று தவறாமல் எடுத்தார்கள். மறு பாதிக்கு டாக்டர் கையால் பார்ப்பதும் மேமோகிராமும் (மார்பகத்தை மட்டும் எடுக்கிற எக்ஸ்ரே) மட்டும். இரண்டு பிரிவிலும் உயிர் பிழைத்தவர்கள் அளவில் வித்தியாசமே இல்லை. இந்த நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ போய்விட்டால், தொந்தரவு தெரிவதற்குச் சில மாதம் முன்பே ஸ்கேனில் கண்டுபிடிப்பதால் ஆயுள் கூடுவதில்லை. கவலைதான் சில மாதம் முன்னால் வருகிறது. மிச்சமிருக்கும் மார்பில் புதிதாக ஒன்று வந்தால் கதை வேறு, அதை முன்கூட்டியே பிடித்தால் குணப்படுத்தலாம். அதனால்தான் வருடம் ஒரு மேமோகிராம் கட்டாயம். எனக்கு அதை எடுத்து 19 மாதம் ஆகியிருக்கிறது.

கடைசியில் ஃபைலைத் திறந்தார். பயாப்ஸி ரிப்போர்ட்டின் அடிவரியில் விரலை வைத்தார். "ஹெர்-2 ஐயத்துக்குரியது. ஃபிஷ் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரு வரி. ஹெர்-2 என்பது சில கட்டிகளை வேகமாக வளரவைக்கிற புரதமாம். 0, 1+ என்றால் இல்லை, 3+ என்றால் இருக்கிறது, 2+ என்றால் தெரியவில்லை, மரபணுவை எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் ஃபிஷ். "எடுத்தீங்களா?" ஃபைல் முழுக்கத் தேடினோம். எடுக்கவில்லை. கோடிட்ட இடத்தை நிரப்புக என்று முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். என் சொந்தத் தாளில் ஒரு கோடிட்ட இடம் இருபது மாதமாக இருந்திருக்கிறது.

பிளாக்கை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள்.

2023 மே 2

பிப்ரவரியில் எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். ஸ்கேன் வேண்டாம் என்று சொன்னதற்காகத்தான் அந்த டாக்டர் மேல் கோபப்பட்டிருக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. கை, கால், எலும்பு, அந்த அடிவரி, இவற்றை யாரும் பார்க்காததுதான் குறை. நான் கேட்டதோ ஸ்கேனை மட்டும். அங்கே ஸ்கேன் எடுத்துக் கொடுத்திருந்தால், எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன், கை வீங்கிக்கொண்டே போயிருக்கும்.

முன் பதிவை அழிக்கவில்லை. என்னைப் போலவே யோசித்துக்கொண்டு வருகிறவர்கள் இரண்டையும் படிக்கட்டும்.

2023 மே 22

ஃபிஷ் ரிசல்ட் வந்தது. நெகட்டிவ். பாசிட்டிவ் என்றிருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி ஒரு வருடம் போட்டிருக்க வேண்டும், 2022-லேயே முடிந்திருக்க வேண்டிய மருந்து. தாமதமானாலும் பேசிப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மேமோகிராமும் சுத்தம்.

வைத்தீஸ்வரன் கோவில் போய் வந்தோம். வீட்டுக்காரர் பேசவே இல்லை, திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீங்கிய கையை.

2023 ஜூன் 25

கையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வீங்கிய கையைப் பார்த்தால் முதலில் வாயில் வருவது யானைக்கால்தான். கும்பகோணத்துக் கொசுவைப் பற்றிச் சின்ன வயதில் கேள்விப்படாதவர்கள் இங்கே கிடையாது. என் மாமியார் "யானைக்கால் கையில கூட வருமாடி?" என்று கேட்டார். இரண்டிலும் நடப்பது கிட்டத்தட்ட ஒன்றே. அங்கே புழு நிணநீர்ப் பாதையைக் கெடுக்கிறது. இங்கே நெறிக்கட்டிகளை எடுத்ததாலும் கரன்ட் வைத்ததாலும் பாதை அடைபடுகிறது. நீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறது.

நீர் பிரிகிற மாத்திரை இதற்கு உதவாது. மூன்று வாரம் கும்பகோணத்துக்குத் தினமும் போய் வந்தேன், கோடை விடுமுறை கைகொடுத்தது. அங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண், மகள் வயது. தோலை மிக மெதுவாகத் தடவித் தடவி நீரைத் தோள் பக்கம் தள்ளுவார், எண்ணெய் தேய்க்கிற மாதிரி அழுத்தக் கூடாது. பிறகு விரல் நுனியிலிருந்து தோள் வரை பஞ்சும் கட்டுத் துணியுமாக அடுக்கடுக்காகச் சுற்றுவார். அந்தக் கட்டோடேயே கையை மடக்கி நீட்டிப் பயிற்சி. மே மாத வெயிலில் அந்தக் கட்டு எப்படி இருக்கும் என்று எழுத வேண்டியதில்லை. மூன்று வாரத்தில் நாலு சென்டிமீட்டர் இரண்டரை ஆனது. இப்போது பகலில் அழுத்தமான ஸ்லீவ் போட்டுக்கொள்கிறேன், இரவில் கழற்றிவிடலாம். ஆறு மாதத்தில் அது தளர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டும்.

இரண்டு விஷயம் முக்கியமாக. ஒன்று, கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள், அது கிருமித் தொற்று. அன்றைக்கே ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டும். எனக்கு ஜூன் முதல் வாரம் வந்தது, பூப்பறிக்கும்போது முள் கிழித்ததிலிருந்து. இரண்டு, அந்தக் கையால் எதையும் தூக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்லீவோடு, கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகினால் வீக்கம் கூடுவதில்லை என்று 2009-லேயே ஆய்வு வந்திருக்கிறது. நான் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்தேன்.

மார்பு இருந்த பக்கம் பாரமில்லாததால் தோள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தது. எங்கள் தெருவில் தைக்கிற அக்கா பருத்தித் துணியில் பை தைத்துக் கடுகு நிரப்பிக் கொடுத்தார். உள்பாடிக்குள் சரியாக உட்காருகிறது. தோள்வலி பாதி குறைந்தது.

2023 ஆகஸ்ட் 20

எலும்பு. எலும்பு அடர்த்தியைப் பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்பு அளவு -2.6. -2.5-க்குக் கீழே போனால் எலும்புத் தேய்வு நோய் என்று பெயர். லெட்ரோசோல் உடம்பில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரஜனையும் துடைத்துவிடுகிறது, எலும்பு அதைத்தான் நம்பியிருக்கிறது. மாத்திரை ஆரம்பிக்கும்போதே எடுத்திருக்க வேண்டிய பரிசோதனை இது.

அதற்காக ஜோலெட்ரானிக் ஆசிட், 4 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை டிரிப். எலும்பைக் காப்பது மட்டுமில்லை. 26 ஆய்வுகளில் கலந்துகொண்ட 18,000-க்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கைச் சேர்த்து 2015-ல் வெளியிட்டார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்த வகை மருந்து கொடுத்தால் நோய் எலும்புக்குத் திரும்புவது குறைகிறது. பத்து வருடத்தில் மார்பகப் புற்றுநோயால் இறப்பவர்கள் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்தது பதினைந்துக்கும் கீழே வந்தது. பிப்ரவரியில் ஸ்கேனை மட்டும்தான் கேட்டேன், இப்படி ஒரு வழி இருக்கும் என்று தெரியாது. இருந்தது.

போடுவதற்கு முன்னால் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். இந்த மருந்து போட்ட பிறகு பல் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகிறது. எனக்கு ஒரு கடைவாய்ப்பல் ஆடிக்கொண்டிருந்தது. பிடுங்கி, ஆறும்வரை ஆறு வாரம் காத்திருந்து, ரத்தத்தில் கிரியேட்டினின், வைட்டமின் டி, கால்சியம் பார்த்து, ஆகஸ்ட் 11 அன்று டிரிப். மறுநாள் நல்ல காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. முதல் முறை அப்படி வருமாம், இரண்டு நாளில் போய்விட்டது. பாரசிட்டமால் போதும்.

2023 செப்டம்பர் 17

முள்சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். எனக்கும் ஊரிலிருந்து மூட்டையாக வந்தது, அன்போடு கொண்டுவந்து கொடுத்தார்கள். டாக்டரிடம் காட்டினேன். குவாடலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குப் பார்க்கின்சன் மாதிரியான நரம்புக் கோளாறு வந்ததை 1999-ல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஏற்கெனவே பாக்லிடாக்சலால் பாதம் மரத்துப் போயிருக்கிறது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. போவதென்றால் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் மாதிரி ஒரு இடத்துக்குப் போய், கீமோ எடுத்ததையும் மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லி மருந்து வாங்குங்கள். வாட்ஸப்பில் வந்ததை வைத்து வேண்டாம்.

2023 நவம்பர் 5

"எந்த மருத்துவமனை, பெயரைச் சொல்லுங்கள்" என்று தனியாகக் கேட்கிறார்கள். நான் போன இடம் உங்களுக்குத் தூரமாக இருக்கலாம். நம் பக்கத்தில் இரண்டாவது கருத்துக்கு நிறைய இடம் இருக்கிறது. டெல்டாக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் கிட்டே. சென்னைப் பக்கம் போக முடிந்தவர்களுக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் பக்கம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, அப்புறம் வேலூர் சி.எம்.சி. நேரில் போக முடியாதவர்கள் மும்பை டாடா மெமோரியல் டாக்டர்களிடம் நவ்யா என்ற சேவை வழியாக ரிப்போர்ட்டுகளை அனுப்பி எழுத்தில் கருத்து வாங்கலாம்.

அடையாறு என்றதும் ஒன்று நினைவு வருகிறது. முத்துலட்சுமி ரெட்டி எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் வருவார். 1923-ல் தங்கை புற்றுநோயால் இறந்ததைப் பார்த்தவர், 1954-ல் அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். இடையில் முப்பத்தொரு வருடம். இந்த வருடம் அந்தப் பத்தியை நடத்தும்போது குரல் அடைத்துக்கொண்டது. பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள்.

பழைய டாக்டரிடம் சொல்லாமல் போவது துரோகமா என்று கேட்டவருக்கு: நான் சொல்லிவிட்டே போனேன். ஃபிஷ் ரிசல்ட்டையும் டெக்ஸாவையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பயாப்ஸி ரிப்போர்ட்டின் அடிவரியை இரண்டு முறை படித்தார். "இது என் கண்ணில் பட்டிருக்கணும்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2024 ஜனவரி 14

பொங்கல் விடுமுறை, எழுத நேரம் கிடைத்தது. லெட்ரோசோலை மாற்றி எக்ஸிமெஸ்டேன் 25 கொடுத்திருக்கிறார்கள், இரண்டு மாதமாகிறது. ஒரே வகை மருந்துதான், ஆனால் ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்னொன்று சில நேரம் ஒத்துப்போகும். இப்போது விரல் மடங்குகிறது. முட்டி வலி இருக்கிறது, தினமும் நடந்தால் குறைகிறது. பாதம் மரத்தது அப்படியேதான். மரப்பை எடுக்க மருந்தில்லை, எரிச்சலும் வலியும் இருந்தால் மட்டும் டுலாக்ஸெடின் உதவும் என்றார்கள். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கிக்கொண்டேன்.

40 பக்க நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன். ரிவ்யூவுக்குப் போவதற்கு முந்தின இரவு மூன்றே கேள்வி எழுதுவேன். உள்ளே போனதும் உட்காருவதற்கு முன்பே நோட்டை மேசையில் வைத்துவிடுவேன். மூன்று நிமிடம்தான் என்றால் மூன்று நிமிடத்துக்குள் கேட்கக் கூடியதைக் கேட்கலாமே.

2024 பிப்ரவரி 10

நேற்று இரண்டாவது டிரிப். இந்த முறை காய்ச்சல் இல்லை.

ஒரு திருத்தம். கையைப் பற்றி எழுதியபோது "இரவில் ஸ்லீவைக் கழற்றிவிடலாம்" என்றேன். எனக்கு அப்படிச் சொன்னார்கள். வீக்கம் அதிகம் இருப்பவர்களுக்கு இரவில் கட்டுக் கட்டிக்கொள்ளச் சொல்வதும் உண்டு. உங்கள் கையைப் பார்த்தவர் சொல்வதைக் கேளுங்கள்.

"எனக்கு முதுகு வலி மூன்று வாரமாக இருக்கிறது, ராத்திரியும் விடுவதில்லை, ஆனால் ஸ்கேன் தேவையில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே" என்று நேற்று ஒரு தங்கை எழுதியிருக்கிறாள். அம்மா, அது தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்குச் சொன்னது. புதிதாக ஒரு இடத்தில் எலும்பு வலி வந்து இரண்டு வாரத்துக்கு மேல் போகாமல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, மஞ்சள் காமாலை வந்தாலோ அடுத்த ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. உனக்கு ஸ்கேன் தேவை. திங்கட்கிழமை காலையிலேயே போ, "வலி புதுசு, மூணு வாரமா இருக்கு, ராத்திரியும் விடறதில்லை" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல். கால் பலவீனமானாலோ சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ திங்கட்கிழமை வரைகூட வேண்டாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போ. தசைப்பிடிப்பாகவே இருக்கலாம், டெக்ஸா எடுக்காமல் விட்ட எலும்பாகவும் இருக்கலாம். பார்த்துவிட்டு வந்து இங்கே எழுது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்கு ஓய்வு வேளை, வந்து பார்க்கிறேன்.